பிலாலியின் ஏழு புதல்வியர்



உங்கள் பாட்டனாரின் பெயரை நீங்கள் அறிவீர்கள். அவருடைய தந்தையாரின் பெயரையும் உங்களில் பலர் அறிந்திருக்கக் கூடும். ஆனால், உங்கள் உம்மாவின் உம்மாவைப் பெற்றெடுத்த மாதரசியின் பெயர் என்ன? சற்றே சிந்தித்துப் பாருங்கள். நம்மில் எத்தனை பேரால் தயங்காமல் விடை சொல்ல முடியும்? அப்பெயரை எழுதி வைக்க நம்மை யாரும் தடுத்ததில்லை. எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது, பெயர்களை எழுதி வைக்கும் உரிமையே மறுக்கப்பட்ட ஓர் உழவர் குடும்பத்தின் ஊருக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதி, ஜார்ஜியா மாநிலம். அங்கே அட்லாண்டிக் கடலோரத்தில் ஒரு சிறு தீவு. அதன் பெயர் சப்பெலோ. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிமையாக அங்கு வந்து சேர்ந்த ஒரு முஸ்லிமின் வழித்தோன்றல்களைத் தேடிச் செல்லும் பயணம் இது. தொழுதவர், நோன்பு நோற்றவர், அரபு எழுதத் தெரிந்தவர் அவர். அவர் பெயர் பிலாலி முஹம்மது.

தீவுக்குச் செல்லும் வழி

சவன்னா நகரிலிருந்து கடலோரமாகத் தெற்கே ஏறத்தாழ 100 கிலோ மீட்டர் சென்றால் டேரியன் என்னும் சிற்றூர் வரும். அதனருகே மெரிடியன் என்னுமிடத்தில் படகுத்துறை இருக்கிறது. தீவுக்குப் பாலம் கிடையாது. படகு ஒன்றே வழி. அதிலும் நினைத்த மாத்திரத்தில் ஏறிவிட முடியாது. தீவில் வாழும் ஒருவரின் விருந்தினராகவோ, முன்பதிவு செய்த சுற்றுலாக் குழுவில் ஒருவராகவோ இருக்க வேண்டும். அங்கு ஓடிய படகு ஒன்றுக்குக் கேட்டி அண்டர்வுட் என்ற பெயரைச் சூட்டியிருந்தார்கள். அவர் தீவின் மருத்துவச்சி. மருத்துவமனை இல்லாத அத்தீவில் பல்லாண்டுகள் பிள்ளைப்பேறு பார்த்த மூதாட்டி.

படகு புறப்பட்டால், இரு மருங்கிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை உப்பங்கழிப் புல்வெளி. கடல் ஏறும்போது புல்லின் நுனி மட்டுமே தெரியும். இறங்கும்போது சேறும் சிப்பிக் குவியல்களும் வெளிப்படும். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் தீவு வந்துவிடும். கிளைகளில் சாம்பல் நிறப் பாசி தாடியாகத் தொங்கும் பெரிய ஓக் மரங்கள், மணற்பாதைகள், பழைய கட்டடங்களின் இடிந்த சுவர்கள் ஆகியவை உங்களை வரவேற்கும். அச்சுவர்களை நெருங்கிப் பாருங்கள். செங்கல் இராது. சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, சிப்பி ஓடு, மணல், தண்ணீர் இவை நான்கையும் கலந்து பெட்டியில் வார்த்து எழுப்பிய சுவர்கள் அவை. ‘டாபி’ என்று அதனை அழைப்பார்கள். அடிமை மக்களின் கைகள் கலந்த சாந்து அது.

திம்போவிலிருந்து வந்தவர்

1802-ஆம் ஆண்டில் தாமஸ் ஸ்பால்டிங் என்னும் தோட்ட முதலாளி இத்தீவின் தென்பகுதியை விலைக்கு வாங்கினார். நீண்ட இழைப் பருத்தி, கரும்பு, நெல் இவற்றைப் பயிரிட்டார். வேலை செய்தோர் நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்க அடிமைகள். அவர்களை மேற்பார்வையிடத் தலைமைக் கங்காணியாக ஸ்பால்டிங் அமர்த்தியவரே பிலாலி.

பிலாலியின் பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா ஜல்லோன் மலைநாட்டிலுள்ள திம்போ. இன்றைய கினி நாட்டில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது மார்க்கக் கல்விக்குப் பெயர் பெற்ற ஊர். ஃபுலானி இனத்தைச் சேர்ந்த அவர், ஓதிப் படித்த இளம் பருவத்திலேயே பிடிபட்டு விற்கப்பட்டார். பஹாமாஸ் தீவுகளில் சில காலம் அடிமையாக இருந்த பின்னர் சப்பெலோவுக்குக் கொண்டு வரப்பட்டார். துருக்கித் தொப்பி அணிவார், ரமளானில் நோன்பிருப்பார், வேளை தவறாமல் தொழுவார் என்பது அவரைப் பற்றிக் கிடைக்கும் செய்தி.

1812-இல் தொடங்கிய ஆங்கிலேயப் போரின்போது தீவைக் காக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டு, துப்பாக்கிகளும் தரப்பட்டன என்று முதலாளியின் குடும்பத்தார் சொல்லி வந்தனர். 1824-ஆம் ஆண்டின் பெரும் புயலில் பலருடைய உயிரைக் காத்தவர் என்றும் கூறினர்.

வாசகர்களே, இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கங்காணி என்பவர் அடிமைகளில் ஒருவராயினும் மற்ற அடிமைகளை வேலை வாங்குகிறவர். முதலாளியின் நம்பிக்கை அவருக்கு இருந்தது. ஆயினும் விடுதலை கிடைக்கவில்லை. 1850-களின் பிற்பகுதியில் அவர் அடிமையாகவே மரணமடைந்தார். முன்னோரைத் தேடிச் செல்கிறவர்கள் பெருமைக்குரியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு திரும்பலாகாது. கிடைப்பது முழுவதையும் ஏற்கத்தான் வேண்டும்.

பெயரில்லாத பதிவேடு

தென்மாநிலங்களில் வெள்ளை உழவர் குடும்பம் ஒன்றின் வழிமரபைத் தேடுவோர்க்கு வழி எளிது. வீட்டு பைபிளின் முதல் ஏட்டில் பிறப்பும் திருமணமும் இறப்பும் எழுதப்பட்டிருக்கும். நிலப்பத்திரம், உயில், வரிக்கணக்கு எல்லாம் இருக்கும். 1850-ஆம் ஆண்டின் குடிமதிப்பில் சுதந்திரமான ஒவ்வொருவரின் பெயரும், கைக்குழந்தை உட்பட, தனித்தனியே எழுதப்பட்டது.

அதே 1850-இல், அதே அரசு, அடிமைகளுக்கென்று வேறொரு பதிவேட்டை வைத்தது. அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம் என்ன என்ற விவரம் இருக்கும். தப்பி ஓடியவரா, குருடரா, செவிடரா என்று எழுதவும் இடம் இருக்கும். பெயர் எழுத மட்டும் இடமில்லை! 1860-லும் இதே கதைதான். ஒரு தாயும் அவள் மகளும் அந்தத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கலாம். இருந்தாலும் “35, பெண், கறுப்பு”, “8, பெண், கறுப்பு” என்ற இரு வரிகளாகத்தான் இருப்பார்கள். யார் யாருக்குத் தாய் என்று அத்தாள் சொல்லாது.

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்து, அடிமைத்தனம் ஒழிந்தது. ஐந்தாண்டு கழித்து எடுத்த 1870-ஆம் ஆண்டின் குடிமதிப்பில்தான் விடுதலை பெற்ற நாற்பது லட்சம் மக்களின் பெயர்கள் முதன்முறையாக இடம்பெற்றன. ஆகவே கறுப்பினக் குடும்பங்களின் வரலாற்றைத் தேடுவோர் யாவரும் 1870-ஐ ஒரு மதில் என்கிறார்கள். மதிலுக்கு இப்பால் பெயர் உண்டு. அப்பால் வெறும் எண்.

பின்னோக்கி ஏறும் படிகள்

அந்த மதில் வரை எப்படிப் போகிறார்கள்? முறை மிக எளிது. இருப்பவரிடம் தொடங்கி இறந்தவரை நோக்கிச் செல்வது. ஒரு தலைமுறை உறுதியான பின்னரே அடுத்த தலைமுறைக்கு ஏறுவது. புகழ்பெற்ற ஒருவரை முதலில் பிடித்துக்கொண்டு, அவரிலிருந்து தம் வீடு வரைக்கும் கோடு இழுத்து வருபவர் பெரும்பாலும் வழுக்கி விழுவார்.

1900-ஆம் ஆண்டின் குடிமதிப்பு பெரிதும் உதவும். பிறந்த மாதம், ஆண்டு, மணமாகி எத்தனை ஆண்டு, பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்போர் எத்தனை என்றெல்லாம் அது கேட்டது. அதற்கு முந்தைய 1890-ஆம் ஆண்டின் ஏடுகளில் பெரும்பகுதி 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீவிபத்தில் பாழாயிற்று. எனவே இருபதாண்டு தாண்டி 1880-க்குப் போக வேண்டும். குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பதைக் குறித்த முதல் ஏடு அதுவே. அதன்பின் 1870.

இவற்றோடு வேறு ஏடுகளும் உள்ளன. 1867 முதல் ஜார்ஜியாவில் கறுப்பின ஆண்களும் வாக்காளராகப் பதியப்பட்டனர். விடுதலை பெற்றோருக்கென 1865-இல் நிறுவப்பட்டு 1874-இல் மூடப்பட்ட சேமிப்பு வங்கியொன்று இருந்தது. கணக்குத் தொடங்க வந்தவரிடம் பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோரின் பெயர்களையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டது. வங்கி மூழ்கிப்போய் ஏழைகள் பணத்தை இழந்தனர். ஆனால் ஏடுகள் மிஞ்சின. அன்று இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இன்று அவ்வேடுகள் பயன் தருகின்றன.

மதிலுக்கு அப்பால் போக வேண்டுமென்றால், முதலாளியின் தாள்களைத் தேட வேண்டும். அவர் இறந்தபோது சொத்துக்களைக் கணக்கெடுத்த பட்டியலில் மாடு, கலப்பை, கட்டில் இவற்றோடு மனிதர்களும் விலையோடு எழுதப்பட்டிருப்பார்கள். தம் பூட்டியின் பெயரை ஒருவர் முதன்முதலாக அங்கேதான் காண்கிறார் என்றால், அவர் நெஞ்சம் என்ன பாடுபடும்!

இன்னொரு சிக்கலும் உண்டு. விடுதலைக்குப் பின் குடும்பப் பெயரை மக்கள் தாமே தேர்ந்துகொண்டனர். கடைசி முதலாளியின் பெயரையே எல்லாரும் கொண்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அத்துடன், இக்கடற்கரை மக்களுக்கு வீட்டில் வழங்கும் பெயர் ஒன்று, ஏட்டில் எழுதும் பெயர் வேறொன்று. பக்கத்துத் தீவான செயின்ட் சைமன்ஸிலும் ஒரு பிலாலி இருந்தார். ஸாலிஹ் பிலாலி என்பது அவர் பெயர். மாஸினா நாட்டைச் சேர்ந்தவர். அவரும் ஃபுலானி முஸ்லிம், அவரும் தலைமைக் கங்காணி! இவர் வழி வந்தவரை அவர் வழியில் சேர்த்துவிட்டால் எல்லாமே பிழையாகிவிடும்.

கேட்டி பிரௌன் சொன்னது

தாள்கள் கைவிட்ட இடத்தில் கைகொடுத்தவர்கள் தீவின் முதியவர்களே.

1930-களின் பிற்பகுதியில், அரசின் எழுத்தாளர் திட்டத்தைச் சேர்ந்தவர்கள் சவன்னாவிலிருந்து புறப்பட்டு, ஜார்ஜியாக் கடற்கரைக் கிராமங்களில் வாழ்ந்த முதியவர்களைக் கண்டு பேசினார்கள். கேட்டவை 1940-இல் நூலாக வெளிவந்தன. சப்பெலோவில் அவர்கள் சந்தித்தவர்களுள் ஒருவர் கேட்டி பிரௌன். பிலாலியின் மகள் மார்கரெட்டின் பேத்தி அவர். அதாவது, பிலாலியின் கொள்ளுப்பேத்தி.

பிலாலியைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார்கள். கேட்டி தயங்கவில்லை. மனைவியின் பெயர் ஃபீபி என்றார். புதல்வியர் எழுவரின் பெயர்களையும் அடுக்கினார்: மார்கரெட், பெந்து, சார்லட், மதீனா, யாருபா, ஃபாத்திமா, ஹெஸ்டர்.

இந்த ஏழு பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஃபாத்திமா, மதீனா! மகள் என்னும் பொருளுடைய ‘பின்த்’ என்ற அரபுச் சொல்லை நினைவூட்டும் பெந்து! இடையிடையே, முதலாளி வீட்டுப் பெண்களுக்கு வைப்பது போன்ற ஆங்கிலப் பெயர்கள். அரசின் ஏட்டில் பெயரில்லாத அக்குடும்பத்தின் பெயர்களை எண்பது, நூறு ஆண்டுகளாக நாவிலேயே வைத்துக் காத்தவர்கள் பெண்கள். மார்கரெட்டும் அவருடைய மகளும் சொல்லியே தாம் அறிந்ததாகக் கேட்டி கூறினார்.

இன்னும் கேளுங்கள். பிலாலியும் ஃபீபியும் மணி உருட்டித் துதிப்பார்களாம். வேளை தவறாமல், சூரியன் எழும்போதும், உச்சிக்கு வரும்போதும், மறையும்போதும் சிறு பாயை விரித்துத் தொழுவார்களாம். பிலாலி மணியை உருட்டிச் சொல்லும் சொற்களைக் கேட்டி தமக்கு எட்டிய ஒலியில் சொல்லிக் காட்டினார். பொருள் அவருக்குத் தெரியாது. ஆனால் சிதைந்த அச்சொற்களுக்குள் தக்பீரின் ஓசையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருநாமமும் ஒலிப்பதைப் படிக்கும் எந்த முஸ்லிமும் உடனே கண்டுகொள்வார். ஃபீபியோ “ஆமீன், ஆமீன்” என்பாராம்.

சூரியனை வணங்கியதாகக் கேட்டி நினைத்தார். பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. ஜார்ஜியாவிலிருந்து கஅபா வடகிழக்குத் திசையில் அமைகிறது. வைகறையில் கிழக்கு முகமாக நின்றவரைக் கண்ட பிள்ளைகள் அதையே நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

பாட்டி மார்கரெட் தலையில் வெள்ளைத் துணியை முக்காடு போல் அணிந்திருப்பார் என்றும் கேட்டி சொன்னார். ஆண்டுக்கொருமுறை அவர் செய்யும் பலகாரத்தையும் விவரித்தார். அரிசியைக் களைந்து நீரை வடித்து இரவு முழுவதும் வைப்பார். காலையில் ஊறிய அரிசியை மர உரலில் இட்டு உலக்கையால் இடித்து மாவாக்குவார். தேனோ சர்க்கரையோ சேர்த்துக் கையால் தட்டையாகத் தட்டுவார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுப்பார். அதன் பெயர் ‘ஸரக்கா’.

ஸரக்கா! ‘ஸதக்கா’ என்னும் சொல்லன்றி அது வேறென்ன? பெயரின் பொருள் மறந்து பலகாரத்தின் பெயராகிவிட்டது. ஆனால் அதனைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளிக்கும் வழக்கம் மறக்கவில்லை.

ஹெஸ்டரின் பேரர் ஷாட் ஹால் என்பவரும் இதே பலகாரத்தையும், மணியையும், பாயையும் பற்றித் தனியே கூறினார். இருவேறு மகள்களின் பேரப்பிள்ளைகள் ஒரே செய்தியைச் சொல்வதால்தான் ஆய்வாளர் இதனை வலுவான சான்றாக ஏற்கின்றனர். ஆனால் எல்லாம் ஒத்துவரவில்லை. ஹெஸ்டர் ஆப்பிரிக்காவில் தாம் வாழ்ந்த மண்சுவர் வீட்டை நினைவுகூர்ந்ததாக ஷாட் ஹால் சொன்னார். குடும்பம் பஹாமாஸ் வழியாக வந்தது என்ற மரபும் இருக்கிறது. மகள் பிறந்தது எங்கே என்பதில் கேள்வி எழுகிறது. நினைவு அரிய செல்வம்தான். ஆயினும் அதையும் நிறுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

பதின்மூன்று பக்கக் கிதாபு

பிலாலி விட்டுச் சென்ற எழுத்து ஒன்று உண்டு. தோலுறையிட்ட சிறு ஏடு. அரபு எழுத்தில் பதின்மூன்று பக்கம். டேரியனில் வாழ்ந்த கிறிஸ்தவப் போதகரும் எழுத்தாளருமான ஃபிரான்சிஸ் கோல்டிங்கிடம் அதனைப் பிலாலி கொடுத்தார். கோல்டிங்கின் மகன் 1931-இல் அதனை ஜார்ஜியா மாநில நூலகத்தில் சேர்த்தார். இன்று ஏதென்ஸ் நகரிலுள்ள ஜார்ஜியாப் பல்கலைக்கழகத்தின் அரிய நூல் நிலையத்தில் அது பாதுகாக்கப்படுகிறது.

படிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லாததால், நெடுங்காலம் அதனைப் பிலாலியின் நாட்குறிப்பு என்றும், தோட்டக் கணக்கு என்றும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஜோசப் கிரீன்பெர்க் என்னும் இளம் ஆய்வாளர் அதன் படியை நைஜீரியாவின் கானோ நகருக்கு எடுத்துச் சென்று அங்குள்ள ஆலிம்களிடம் காட்டினார். 1940-இல் தம் முடிவை வெளியிட்டார். அது நாட்குறிப்பும் அன்று, கணக்கும் அன்று! பத்தாம் நூற்றாண்டில் கைரவான் நகரில் வாழ்ந்த இப்னு அபீ ஸைத் அவர்கள் இயற்றிய ‘ரிஸாலா’ என்னும் மாலிக்கி மத்ஹபுச் சட்ட நூலின் பகுதிகள்! ஒளுச் செய்யும் முறை, பாங்கு, தொழுகை ஆகியவற்றைக் குறித்த பாடங்கள். மேற்கு ஆப்பிரிக்க மதரஸாக்களில் மாணவர் ஓதும் நூல் அது.

எழுத்தில் பிழைகள் மலிந்திருப்பதால், இளமையில் ஓதியதை நினைவிலிருந்தே எழுதியிருக்கிறார் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். எண்ணிப் பாருங்கள்! தம் துயரத்தை எழுதியிருக்கலாம், தம் வரலாற்றை எழுதியிருக்கலாம். அம்மனிதர் எழுதியதோ, எப்படி ஒளுச் செய்வது, எப்படித் தொழுவது என்பதை. பருத்தித் தோட்டத்தில் ஒருவர் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட மதரஸா அது.

ஆனால், தேடல் என்ற நோக்கில் பார்த்தால் ஒரு குறை தோன்றும். அவ்வேட்டில் குடும்பத்தார் பெயர்கள் இல்லை. தந்தை மார்க்கத்தை எழுதி வைத்தார். பெயர்களை நினைவில் வைத்தவர்கள் புதல்வியரும் பேத்தியருமே.

நிலமும் பெயரும்

1865 ஜனவரி 16 அன்று ஜெனரல் ஷெர்மன், இக்கடற்கரைத் தீவுகளை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க ஆணையிட்டார். அதே ஆண்டிலேயே அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதனை மாற்றி, நிலத்தைப் பழைய முதலாளிகளிடமே ஒப்படைத்தார். போரின்போது உள்நாட்டுக்கு ஓட்டிச் செல்லப்பட்டிருந்த சப்பெலோ மக்கள், விடுதலையானதும் தம் தீவுக்கே நடந்து திரும்பியிருந்தார்கள். கொடுத்த நிலம் பறிபோயிற்று. சோர்ந்துவிடாமல் பணம் சேர்த்தார்கள். 1871-இல் வில்லியம் ஹில்லரி, ஜான் குரோவ்னர், பிலாலி பெல் என்ற மூவர் கூட்டாகத் தீவின் ரக்கூன் பிளஃப் என்னும் பகுதியை விலைக்கு வாங்கி, குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தனர்.

மூன்றாம் பெயரைக் கவனித்தீர்களா? பிலாலி! முதியவர் மறைந்து பத்தாண்டுக்கு மேலான பின்பும் அப்பெயர் ஒரு நிலப்பத்திரத்தில் நிற்கிறது. பெய்லி என்று இன்று வழங்கும் குடும்பப் பெயரும் பிலாலியின் திரிபே என்பது தீவில் வழங்கும் மரபு.

மார்க்கம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். 1866-இல் தீவில் பாப்டிஸ்ட் தேவாலயம் தோன்றிற்று. பிலாலியின் பேரப்பிள்ளைகள் கிறிஸ்தவர்களாயினர். ஓதிக்கொடுக்கப் பள்ளியில்லை, ஆலிம் இல்லை, கூடித் தொழ ஜமாஅத் இல்லை. ஒரு தனிமனிதரின் உறுதி எத்தனை தலைமுறைக்குத் தாங்கும்? இறந்தோரைக் கிழக்கு நோக்கி அடக்குவதையும், கிழக்கு நோக்கிப் பிரார்த்திப்பதையும் சிலர் இஸ்லாத்தின் எச்சம் என்பர். கிழக்கு நோக்கி அடக்குவது கிறிஸ்தவ வழக்கிலும் உண்டாகையால், அதை மட்டும் கொண்டு உறுதி சொல்லிவிட முடியாது.

தீவு மக்கள் கடலை, அவரை, கரும்பு, சர்க்கரைவள்ளி பயிரிட்டு, மீனும் சிப்பியும் எடுத்து வாழ்ந்தார்கள். 1934-இல் ஒரு புகையிலைச் செல்வந்தர் தீவின் பெரும்பகுதியை வாங்கினார். பல கிராமங்களில் பரவியிருந்த மக்களை ஹாக் ஹம்மாக் என்னும் ஒரே ஊருக்கு மாற்றினார். 1960-களில் ரக்கூன் பிளஃபும் வெறுமையாயிற்று. இன்று சுமார் 434 ஏக்கர் பரப்புள்ள ஹாக் ஹம்மாக்கில் வாழும் பழங்குடும்பத்தார் சில பத்துப் பேரே.

பிலாலியின் வழித்தோன்றலான கொர்னீலியா வாக்கர் பெய்லி (1945-2017) என்னும் அம்மையார் இத்தீவில் பிறந்து, இங்கேயே வாழ்ந்து, 2000-ஆம் ஆண்டில் தம் மக்களின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். தீவின் பழைய செந்நிற அவரை விதைகளை மீண்டும் வயலில் விதைக்கச் செய்தவரும் அவரே. விதையும் பெயரும் ஒன்றுதான். ஆண்டுதோறும் எடுத்துப் பயன்படுத்தாவிட்டால் அழிந்துபோகும்.

வழிமரபைத் தேடுவது வெறும் ஆர்வத்துக்காக அன்று என்பதையும் இத்தீவு காட்டுகிறது. தென்மாநிலக் கறுப்பின உழவர்கள் பலர் உயில் எழுதாமலே மறைந்தனர். நிலம் பிரிக்கப்படாமல் வாரிசுகள் அனைவருக்கும் பொதுவாகிவிட்டது. மூன்றாம் தலைமுறையில் பங்காளிகள் ஐம்பது, அறுபது பேர். எங்கோ தொலைநகரில் வாழும் ஒரு பங்காளியின் உரிமையை வெளியார் வாங்கிவிட்டால், நீதிமன்றம் சென்று முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. இப்படிப் போன நிலங்கள் ஏராளம். வாரிசுகளுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்தை ஜார்ஜியா 2012-இல்தான் இயற்றிற்று. இன்னார் மகள் இவர், இவர் மகன் அவர் என்று நிறுவ முடிந்தவரால்தான் நிலத்தைக் காக்க முடியும். 2023-இல் அங்கே பெரிய வீடுகள் கட்ட இடமளிக்கும் வகையில் விதிகள் மாற்றப்பட்டபோது, வரி உயர்ந்து தாங்கள் வெளியேற நேருமென்று அஞ்சித் தீவு மக்கள் வழக்குத் தொடுத்தார்கள்.

தீவின் நடுவே பழைய அடக்கத்தலம் ஒன்று இருக்கிறது. பல கல்லறைகளில் கல்வெட்டுக் கிடையாது. இறந்தவர் பயன்படுத்திய கோப்பை, கிண்ணம் போன்ற பொருள்களை மேலே வைக்கும் வழக்கம் அங்கு இருந்தது. பெயர் எழுதத் தெரியாதவர்கள் கிண்ணத்தை வைத்து அடையாளம் காட்டினார்கள்.

நாம் செய்ய வேண்டியது

வாசகர்களே! எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்கள் ஏழு பெண்களின் பெயர்களை ஒரு நூற்றாண்டு காத்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த நாமோ, பாட்டியின் தாயார் பெயரை அறியாமல் இருக்கிறோம். நம் குடும்ப வரிசைகளைப் பாருங்கள். ஆண்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். பெண்கள், ‘இன்னாரின் மனைவி’ என்பதோடு முடிந்துவிடுவார்கள். பெண்ணுக்கும் சொத்தில் பங்குண்டு என்று விதித்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், அவள் பெயருக்குக் குடும்ப ஏட்டில் பங்கு தராதிருப்பது முறையாகுமா?

இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டில் மூத்தவர் அருகே அமர்ந்து கேளுங்கள். உம்மாவின் உம்மா யார், அவரைப் பெற்றவர் யார், எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார், என்ன பயிரிட்டார்கள், என்ன விற்றார்கள், பெருநாளுக்கு என்ன பலகாரம் செய்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பிறகு பள்ளிவாசலின் பழைய நிகாஹ் பதிவேட்டோடும், வீட்டுப் பத்திரங்களோடும் ஒப்பிடுங்கள். ஒத்துவராததையும் அழிக்காமல் எழுதி வையுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள்.

தள்ளிப் போடாதீர்கள். கேட்டி பிரௌனிடம் கேட்க வந்தவர்கள் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால், ஃபாத்திமாவும் மதீனாவும் பெந்துவும் இன்றும் “பெண், கறுப்பு” என்ற இரு சொற்களாகவே இருந்திருப்பார்கள். நம் வீட்டு மூதாட்டிகளின் பெயர்களை நம் பிள்ளைகள் அறிந்து, அவர்களுக்காகத் துஆச் செய்யும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.